மகள் முதுகலை படிக்க ஜெர்மனி போகிறாள். சேலத்தில் இருந்தபடி என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

அக்டோபரில் வகுப்பு தொடங்குகிறது, இப்போதே பெட்டி வாங்கவா, துணி எடுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் சார். முதலில் மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நானும் சேலம்தான், அஸ்தம்பட்டி. முதுகலை ஜெர்மனியில் முடித்தேன். சொந்தக்காரப் பிள்ளைகள் யார் கிளம்பினாலும் முதலில் இதைத்தான் கேட்பேன். நம் ஊர் மார்க் ஷீட்டில் 'கவிதா மு' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் முழுதாக ஏறியிருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கல்லூரிச் சான்றிதழில் ஆங்கில எழுத்து ஒன்று கூடவோ குறையவோ விழுந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. அங்கே மேசையில் உட்கார்ந்து படிவம் பார்ப்பவருக்கு இனிஷியல் என்கிற பழக்கமே தெரியாது.

இனிஷியல் மட்டும் விரிந்திருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் அபிடவிட் எழுதி வாங்குங்கள். அது போதுமா என்று அவள் சேரப்போகும் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு அவளையே மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரிச் சான்றிதழில் எழுத்துப்பிழை என்றால் அங்கேயே திருத்த வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி என்றால் இப்போதே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். விசாவுக்குப் பதிந்த பிறகு மாற்றினால் பாஸ்போர்ட் எண் மாறும், அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொட வேண்டும்.

பெயர் சரியான பிறகு ஏபிஎஸ் சான்றிதழ். இந்திய மாணவர்களின் படிப்புச் சான்றுகள் அசல்தானா என்று சரிபார்த்துத் தருவது அது. 2022 நவம்பர் முதல் இது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கட்டணம் 18,000 ரூபாய். கையில் வர வாரக்கணக்கில் ஆகும், விசா தேதி கிடைப்பதும் அப்படித்தான், அதனால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எல்லாப் பருவத்து மதிப்பெண்ணையும் சேர்த்துப் பல்கலைக்கழகம் தரும் டிரான்ஸ்கிரிப்ட்டையும் கூடவே கேட்டு வைத்துவிடுங்கள். பெரியார் பல்கலைக்கழகம் என்றால் கருப்பூர் வரை போனால் போதும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி என்றால் கிண்டியில்தான் வேலை.

இந்த அலைச்சலில் ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் போகாதீர்கள், மகளை அனுப்புங்கள். கவுண்டரில் "நாளைக்கு வாம்மா" என்று சொன்னால், நாளைக்கு எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டு வரட்டும். ஜெர்மனியில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். எல்லாம் முதல் மாதத்திலேயே வந்து நிற்கும். அப்பாவே எல்லா வரிசையிலும் நின்று அனுப்பிவைத்த பிள்ளைகள் அந்த முதல் மாதத்தில் படுகிற பாடு எனக்குப் பொறுக்காது.

சரி, பணம். விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டிவைத்த கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. போன பிறகு மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே வரும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், எந்த ஊர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்விக்கடன் என்றால் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் சொத்து ஈடு கேட்பார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் வங்கி வக்கீல் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், சித்தப்பா பெரியப்பாவிடம் பேசிப் பத்திரத்தை முடிக்கவே மாதங்கள் போய்விடும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள், விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஈடாக எடுப்பதில்லை. கிளம்புமுன் அவள் வங்கிக் கணக்கில் இருக்கும் கைபேசி எண்ணுக்கு ரோமிங் போட்டு, மாதாமாதம் உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி வராவிட்டால் சொந்தப் பணத்தையே தொட முடியாது.

இனி பெட்டி. ஏற்காடு குளிருக்கு எடுத்த ஸ்வெட்டர் அங்கே உள்ளே போட்டுக்கொள்ளத்தான் ஆகும். கனமான கோட்டை அங்கே போய் வாங்கட்டும். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட் என்பதால் மிக்சி ஓடும், ஆனால் நம் மூன்று முனை பிளக் நுழையாது, அடாப்டர் இரண்டு வாங்குங்கள். நெய், பால்கோவா, கறி ஊறுகாய் வேண்டாம். பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள், அதனால் பொடியாக இடித்துக் கொடுங்கள். ஜவ்வரிசி வடகம் தாராளமாகப் போகும், எடையும் குறைவு. சிறிய குக்கர் ஒன்று, கூடவே மாற்று கேஸ்கெட்.

பெங்களூரிலிருந்து விமானம் என்றால், விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் வரை ஓடுகிற வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நகரத்தைக் கடக்கத் தனியாக நேரம் வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடவே வேண்டாம்.