வாசகர் கேள்விகள்: கொதித்த சோற்றில் தூங்கிய கிருமி

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வடித்த சோறு மீந்துவிட்டது. மூடி வைத்திருந்து, இரவு ஒன்பது மணிக்கு முட்டை சேர்த்து நன்றாக வதக்கினேன். ஆவி பறக்கத்தான் பரிமாறினேன். பத்தரைக்கெல்லாம் பிள்ளைகள் இருவரும் வாந்தி எடுத்தார்கள். முட்டைதான் காரணம் என்கிறார் மாமியார். பதினோராம் வகுப்புப் படிக்கும் மூத்தவனோ, கொதிக்கவைத்தாலும் சாகாத பாக்டீரியா உண்டு, அது விண்வெளியில்கூடப் பிழைக்கும் என்கிறான். நெருப்பில் வெந்த பிறகும் ஓர் உயிர் மிஞ்சுமா?
— வாசகி, கொளத்தூர்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை, சகோதரி. முட்டையின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. முட்டையால் வரும் சால்மோனெல்லா தொல்லை பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரத்தில் வாந்தி வந்திருக்கிறது. சோறும் மதியம் முதல் இரவு வரை மேடையிலேயே இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், என் சந்தேகம் பேசில்லஸ் சீரியஸ் மேல்தான் போகிறது.

இது மண்ணில் வாழும் பாக்டீரியா. நெல்லோடு வயலிலிருந்து கிளம்பி, அரிசி மூட்டையில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். உலை கொதிக்கும்போது அந்த பாக்டீரியா செத்துவிடும். அதன் ஸ்போர், அதாவது உறை கட்டிக்கொண்டு உறங்கும் அதன் வடிவம், சாகாது. கஞ்சியை வடித்து மூடி வைக்கிறோம். சென்னை வெயிலில் அந்தப் பாத்திரம் எப்போது ஆறும்? வெதுவெதுப்பும் ஈரமும் மாவுச்சத்தும் சேர்ந்து கிடைத்ததும் ஸ்போர்கள் விழித்து, பெருகி, செரூலைடு என்ற நஞ்சைச் சோற்றில் சேர்த்துவிடுகின்றன. இரவு நீங்கள் வதக்கியபோது பாக்டீரியா செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருந்திருக்கும். 121 டிகிரி வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாத நஞ்சு அது. மறுபடி சூடாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கையை எப்படியாவது மாற்ற வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி உங்கள் மகனுக்கு. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன், மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன். ஸ்போர் உருவாகும் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் குரல் ஒரு கணம் நின்றுதான் போகும். உணவு தீரப்போகிறது என்று தெரிந்ததும் அந்தச் செல் தன்னைச் சமமில்லாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது: ஒரு முனையில் சிறியது, மீதி எல்லாம் பெரியது. பெரியது சிறியதை விழுங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. அதற்குத் தாய்ச்செல் என்றே பெயர். ஏழெட்டு மணி நேரம், தன்னிடம் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் செலவழித்து, உள்ளே இருப்பதற்கு அடுக்கடுக்காக உறை கட்டுகிறது. வேலை முடிந்ததும் தாய்ச்செல் உடைந்து இறந்துபோகிறது. மிஞ்சுவது ஒரே ஒரு ஸ்போர். தமிழில் வித்து என்கிறோம், ஆனால் ஒரு நெல்லிலிருந்து நூறு நெல் வருவதுபோல இதை எண்ணக் கூடாது. ஒரு செல்லுக்கு ஒரு ஸ்போர்தான். இது பெருகுவதற்கான வழி அல்ல, பஞ்சத்தைக் கடப்பதற்கான வழி.

அதன் உள்ளே என்ன இருக்கிறது? முதலில், தண்ணீர் மிகக் குறைவு. புரதங்கள் வெப்பத்தில் குலைந்துபோக ஈரம் வேண்டும். பச்சை மிளகாய் நான்கு நாளில் அழுகிவிடுகிறது, மோரில் ஊறி வெயிலில் காய்ந்த மிளகாய் அடுத்த ஆடி வரை டப்பாவில் கிடக்கிறதல்லவா? நீர் போன இடத்தில் டைபிகோலினிக் அமிலம் என்ற பொருள் கால்சியத்தோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது; ஸ்போரின் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதுவே. டிஎன்ஏ இழையைச் சின்னஞ்சிறு புரதங்கள் இறுகப் போர்த்தியிருக்கின்றன. புற ஊதாக் கதிர் பட்டால்கூட ஒரு குறிப்பிட்ட விதமான காயம்தான் பெரும்பாலும் விழும், விழித்தெழும்போது அதைச் சரிசெய்ய நொதியும் தயாராக இருக்கிறது. ஸ்போர் உண்பதில்லை, சுவாசிப்பதில்லை. ஆனாலும் வெளியே அலனைன் என்ற அமினோ அமிலமோ சர்க்கரையோ தென்பட்டால் அதற்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2022இல் இதை அழகாகக் காட்டினார்கள். ஸ்போர் தனக்குள் பொட்டாசியத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. உணவின் வாடை ஒவ்வொரு முறை வரும்போதும் அதில் கொஞ்சம் வெளியேறுகிறது. போதிய அளவு குறைந்த பிறகே விழிக்கிறது. ஒரே ஒரு முறை வாசம் வந்ததை நம்பி அது கதவைத் திறப்பதில்லை.

பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடித் தகட்டில் பாக்டீரியாவைப் பூசி, மேலே மாலகைட் பச்சைச் சாயத்தை ஊற்றி, கொதிநீரின் ஆவியில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். ஆவி இல்லாமல் அந்த உறைக்குள் சாயம் நுழையாது. கழுவினால் மற்ற இடங்களிலிருந்து பச்சை ஓடிவிடும், ஸ்போரிலிருந்து ஓடாது. பிறகு சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். இளஞ்சிவப்புக் குச்சிக்குள் ஒரு பச்சைப் பொட்டு தெரியும். அதை முதன்முதலில் பார்த்த மாணவர்களின் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

1876இல் ஃபெர்டினாண்ட் கோன் வைக்கோல் ஊறிய நீரைக் காய்ச்சிப் பார்த்து, கொதித்த பிறகும் பிழைக்கும் ஸ்போரைக் கண்டார். அதே ஆண்டில்தான் ராபர்ட் காக் ஆன்த்ராக்ஸ் கிருமியின் ஸ்போரை விவரித்தார். விண்வெளி விஷயமும் உண்மை. 1984இல் அனுப்பிய ஒரு செயற்கைக்கோளில் வைத்த பேசில்லஸ் சப்டிலிஸ் ஸ்போர்கள், ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து 1990இல் பூமிக்குத் திரும்பியபோது, நேரடிச் சூரியக் கதிர் படாமல் மறைந்திருந்தவற்றில் பல உயிரோடு இருந்தன. அதனால்தான் செவ்வாயில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் 3 லட்சம் ஸ்போர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக அளவில் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இனி வடித்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மீந்த சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றிவிடுவது நம் பாட்டிமார் வழக்கம். அது புளிக்கப் புளிக்க இந்த பாக்டீரியாவுக்கு இடம் குறையும். பிள்ளைகளுக்கு வாந்தி நிற்காமல் இருந்தாலோ, சோர்ந்து கண் சொருகினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாமியாரிடம் முட்டைக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எதில்தான் ஸ்போர் சாகும்? பிரஷர் குக்கரிலாவது சாகுமா?
— வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: சாகும். குக்கரில் வெயிட் ஆடும்போது உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. மருத்துவமனைகளில் ஆட்டோகிளேவ் என்ற கருவியில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்கிறோம். ஆனால் ஆவி எல்லா இடத்தையும் தொட வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வெப்பம் பிடிக்கும் ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் நிறைந்த ஊதா நிறக் குப்பிகளை ஒவ்வொரு சுற்றிலும் பொட்டலங்களுக்கு நடுவே வைப்போம். பிறகு அவற்றை 56 டிகிரி பெட்டியில் வைத்துக் காத்திருப்போம். ஸ்போர் பிழைத்து முளைத்திருந்தால் நிறம் மஞ்சளாகிவிடும். ஊதா மாறாவிட்டால் நிம்மதி. ஒரு திங்கட்கிழமை காலை, அடித்தட்டில் வைத்த குப்பி மட்டும் எலுமிச்சை மஞ்சளாகிக் கிடந்தது. துணிக் கட்டுகளை யாரோ நெருக்கித் திணித்திருந்தார்கள், நடுவில் காற்று மாட்டிக்கொண்டுவிட்டது. மானியில் 121 என்றுதான் காட்டியிருந்தது. அந்தச் சுற்றின் பொட்டலங்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மறுபடி வைத்தோம். அன்றிலிருந்து மானியைவிட அந்தக் குப்பியைத்தான் நம்புகிறேன். குக்கர் சோற்றுக்கும் ஒரு வார்த்தை: மூடியைத் திறந்து கரண்டி போட்ட பிறகு அதுவும் மற்றச் சோறு போலத்தான்.

கேள்வி: பேரன் பிறந்து பத்து நாள். சேனை வைக்க ஊரிலிருந்து சுத்தமான மலைத்தேன் வந்திருக்கிறது. மருமகள் வேண்டாம் என்கிறாள். காய்ச்சி ஆறவைத்துத் தொட்டு வைக்கலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா, தயவுசெய்து கேளுங்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் இருக்கலாம். காய்ச்சினாலும் போகாது. நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முளைக்க விடுவதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே அது முளைத்து நஞ்சை விட்டால் குழந்தையின் அழுகுரல் மெலியும், பால் குடிக்க முடியாமல் உடல் துவளும், மூச்சுக்கே ஆபத்து வரும். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளியும் வேண்டாம். மலைத்தேனை நீங்களும் மருமகளும் சாப்பிடுங்கள்.

கேள்வி: நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். சொந்த ஊரில் அண்ணன் வீட்டு மாடு அடைப்பானில் செத்தது. கால்நடை மருத்துவர் அதை அறுக்கவே விடவில்லை. ஏன் அப்படி?
— வாசகர், மாதவரம்

பதில்: அந்த மருத்துவர் ஊரையே காப்பாற்றியிருக்கிறார், ஐயா. அடைப்பான் என்பது ஆன்த்ராக்ஸ்தான். செத்த மாட்டின் உடலுக்குள், காற்று படாத வரை, அந்தக் கிருமி ஸ்போராக மாறுவதில்லை. உடல் அழுக அழுக அதுவும் பெரும்பாலும் செத்துவிடும். அறுத்து இரத்தம் மண்ணில் சிந்திக் காற்று பட்டால் ஸ்போராகிவிடும். பிறகு அந்த நிலத்தை விட்டு எளிதில் போகாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஸ்காட்லாந்தின் குருயினார்டு தீவில் ஆன்த்ராக்ஸ் குண்டைச் சோதித்தார்கள். மண்ணில் ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரைக் கொட்டிச் சுத்தம் செய்து, அந்தத் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தது 1990இல். சைபீரியாவின் யமால் பகுதியில் 2016 கோடையில் உறைமண் உருகியபோது, ஆயிரக்கணக்கான கலைமான்களும் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் ஆன்த்ராக்ஸால் இறந்தார்கள்.

ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, தோலைக்கூட உரிக்காமல் முழு உடலாகப் புதைக்க வேண்டும். மாடு விழுந்த இடத்தில் மற்ற மாடுகளை மேயவிடக் கூடாது. தடுப்பூசி நம் ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. அதிலும் இருப்பது ஸ்போர்தான், நோய் தராத வகை. அண்ணனிடம் சொல்லி, மீதி மாடுகளுக்கு எப்போது போடலாம் என்று அந்த மருத்துவரையே கேட்கச் சொல்லுங்கள். போட்ட தேதியைத் தொழுவக் கதவில் சாக்கட்டியால் எழுதி வைக்கட்டும். அந்தப் பகுதியில் ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டியிருக்கும்.