வேதாகமத்தில் கொடி: கேட்டதும் சொன்னதும்

கொடிகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்துதான் எடுக்கிறேன், பெரும்பாலோர் கையில் இருப்பது அதுதானே.

கேள்வி: ஐயா, வேதாகமத்தில் வரும் கொடியும் நம் தேசியக் கொடி மாதிரி பறக்கும் துணிதானா?

பதில்: துணியும் இருந்திருக்கலாம், ஆனால் முக்கியமானது கம்பம். எகிப்து, அசீரியா நாட்டுப் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்தால் புரியும். நீண்ட கம்பு, உச்சியில் ஒரு பறவையோ மிருகமோ தெய்வ உருவமோ. அசீரிய ரதங்களில் ஒரு வட்டத் தகட்டுக்குள் வில்லை வளைத்துக்கொண்டு நிற்கும் தெய்வத்தைப் பார்க்கலாம். போர்க்களத்தில் புழுதி, கூச்சல், யார் எங்கே என்று ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் தலைக்குமேல் தெரியும் ஒரே பொருள் இந்தக் கம்பம்தான். அது நிற்கிற இடத்துக்கு ஓடி வர வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஏசாயா 30:17ஐ எடுத்துப் படியுங்கள். ஒருவன் பயமுறுத்த ஆயிரம் பேர் ஓடுவார்கள், கடைசியில் மிஞ்சுவது "மலையுச்சியின்மேலுள்ள கொடிமரத்தைப்போல" என்கிறார். படை முழுவதும் ஓடிப்போய், ஆள் இல்லாத மேட்டில் கம்பம் மட்டும் தனியாக நிற்கிறது. கூட்டம் கூட்டுவதற்காக நட்ட பொருளைச் சுற்றி ஒரு ஆளும் இல்லை என்பதுதான் அங்கே அவமானம்.

கேள்வி (சண்டே ஸ்கூல் ஆசிரியை): பிரதர், எங்களிடம் ஒரு சார்ட் இருக்கிறது. யூதாவின் கொடியில் சிங்கம், ரூபனுக்கு மனுஷன், எப்பிராயீமுக்குக் காளை, தாணுக்குக் கழுகு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாமா?

பதில்: சொல்லிக் கொடுங்கள் சிஸ்டர், ஆனால் "யூத மரபு இப்படிச் சொல்கிறது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணாகமம் 2ஆம் அதிகாரத்தில் படமும் இல்லை, நிறமும் இல்லை. அவரவர் பிதாக்களுடைய வம்சத்தின் விருதாகிய கொடியண்டையிலே கூடாரம் போடவேண்டும் என்பதோடு சரி. எண்ணாகமத்துக்கு எழுதப்பட்ட பழைய யூத விளக்க நூல் ஒன்று ஒவ்வொரு கோத்திரக் கொடிக்கும் பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்துக் கல்லின் நிறத்தைக் கொடுத்து, யூதாவுக்குச் சிங்கம், செபுலோனுக்குக் கப்பல், நப்தலிக்குப் பெண்மான், பென்யமீனுக்கு ஓநாய் என்று போகிறது. இதில் பெரும்பகுதி ஆதியாகமம் 49இல் யாக்கோபு சொன்ன ஆசீர்வாதத்திலிருந்து வந்ததுதான். அந்த நூலில் தாணுக்குப் பாம்பு. கழுகு வருவது வேறொரு மரபில், 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் இப்னு எஸ்ரா அதை முன்னோர் சொன்னதாக எழுதியிருக்கிறார். எசேக்கியேல் 1:10லும் வெளிப்படுத்தல் 4:7லும் வரும் நான்கு முகங்களோடு அது அழகாகப் பொருந்துவதால் சார்ட் போடுகிறவர்களுக்கு அதுவே பிடித்துவிட்டது.

அந்த அதிகாரத்தின் கவலையெல்லாம் யார் எங்கே நிற்பது என்பதுதான். கிழக்கே யூதாவின் கொடி, அதன்கீழ் இசக்காரும் செபுலோனும், மொத்தம் 1,86,400 பேர். தெற்கே ரூபன், 1,51,450. மேற்கே எப்பிராயீம், 1,08,100. வடக்கே தாண், 1,57,600. நடுவில் ஆசரிப்புக் கூடாரம், அதை ஒட்டி லேவியர். எகிப்து ராஜா இரண்டாம் ராம்சேஸ் சிரியாவிலுள்ள காதேசில் போர் செய்த காட்சியை எகிப்தியர்கள் அபு சிம்பல் கோயில் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். கி.மு. 1274 வாக்கில் நடந்த போர். அங்கேயும் செவ்வகப் பாளயம், நடுவில் ராஜாவின் கூடாரம். எகிப்திலிருந்து வந்த ஜனத்துக்கு இந்த அமைப்பு புதிதாக இருந்திருக்காது. பார்வோன் இருக்கவேண்டிய இடத்தில் யார் இருக்கிறார் என்பதுதான் புதுசு. பிள்ளைகளை வகுப்பறையில் நான்கு மூலையிலும் நிற்கவைத்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டு நடத்திப் பாருங்கள், சார்ட்டைவிட நன்றாகப் பதியும்.

கேள்வி: அந்தப் பாளயத்தை மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா அண்ணா?

பதில்: நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் வரிசை போட்டார்கள் என்று நாமே வைத்துக்கொண்டால்தான் சிலுவை வரும், தம்பி. வசனம் "சுற்றிலும்" என்று மட்டுமே சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதன்மேல் எதையும் கட்டாதீர்கள்.

கேள்வி: யேகோவாநிசி என்றால் கர்த்தர் என் கொடி. அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் மோசே கொடி பிடித்தாரா?

பதில்: யாத்திராகமம் 17ஐ எத்தனை முறை படித்தாலும் அங்கே கொடி கிடையாது. ரெவிதீமில் யோசுவா கீழே சண்டை போடுகிறார், மோசே தேவனுடைய கோலோடு மலையுச்சியில் நிற்கிறார். கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஒரு பக்கம் ஆரோன், மறுபக்கம் ஊர் என்பவர், சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்குகிறார்கள். எண்பதைத் தாண்டிய மனிதர் அவர், கை நடுங்கத்தானே செய்யும். யுத்தம் முடிந்தபிறகு கட்டிய பலிபீடத்துக்குத்தான் அந்தப் பேர். மற்ற ராஜாக்கள் தங்கள் தெய்வத்தின் உருவத்தைக் கம்பத்தில் மாட்டிப் படைக்குமுன் கொண்டுபோன காலத்தில், இவர்களிடம் மாட்டுவதற்கு உருவமே இல்லை. எங்களுக்குக் கொடி கர்த்தரே என்கிறார் மோசே.

உபாகமம் 25:18ஐயும் சேர்த்துப் படியுங்கள். அமலேக்கு நேராக வந்து மோதவில்லை, இளைத்துப்போய்ப் பின்னால் வந்த பலவீனரை வெட்டினான். கூட்டத்தோடு சேர முடியாமல் பின்தங்கியவர்களைத்தான் அவன் குறிவைத்தான். இதைப் படித்தபிறகு யேகோவாநிசி என்ற பேரை வெறும் வெற்றி முழக்கமாக மட்டும் பாட எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: வெண்கலச் சர்ப்பத்துக்கும் கொடிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நல்ல கேள்வி. எண்ணாகமம் 21இல் மோசே சர்ப்பத்தைத் தூக்கிவைத்தது ஒரு கம்பத்தின்மேல். முதல் கேள்வியில் சொன்ன அதே கம்பம்தான், உச்சியில் ஒரு உருவம், எல்லாரும் அண்ணாந்து பார்க்கவேண்டும். பாம்பு கடித்தவன் அதைப் பார்த்தால் பிழைத்தான். யோவான் 3:14இல் இயேசு தம்மை அதோடு ஒப்பிடுகிறார், 12:32இல் "நான் பூமியிலிருந்து உயர்த்தப்பட்டிருக்கும்போது, எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்" என்கிறார். "ஜனங்களுக்குக் கொடியாக நிற்கும் ஈசாயின் வேர்" என்ற ஏசாயா 11:10ஐப் பக்கத்தில் வைத்தால் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும்.

இன்னொன்றையும் விடக்கூடாது. அதே சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). மோசே செய்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

கேள்வி: கர்த்தர் கொடியேற்றினால் எப்போதும் நமக்கு ஜெயம்தானே?

பதில்: இல்லையே. ஏசாயா 5:26இல் அவர் கொடியேற்றி அழைப்பது தூரத்து ஜாதிகளை, தம்முடைய ஜனத்தையே தண்டிக்க. எரேமியா 51:27இல் பாபிலோனுக்கு விரோதமாக அராராத், மின்னி, அஸ்கெனாஸ் ராஜ்யங்களுக்குக் கொடி காட்டப்படுகிறது. ஏசாயா 49:22இல் அதே கொடி சிதறிப்போன பிள்ளைகளை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவருகிறது. ஆட்களை வரவழைப்பது எல்லா இடத்திலும் உண்டு, எதற்கு வரவழைக்கிறார் என்பதுதான் இடத்துக்கு இடம் வேறு.

கேள்வி: "வெள்ளம்போல் சத்துரு வரும்போது, கர்த்தருடைய ஆவியானவர் அவனுக்கு விரோதமாகக் கொடியேற்றுவார்" என்ற வசனத்தை எங்கள் வீட்டில் ஜெபத்தில் சொல்லாத நாளில்லை. வேறு மொழிபெயர்ப்பில் அந்தக் கொடியையே காணோம், ஏன்?

பதில்: ஏசாயா 59:19இன் மூலவாக்கியம் இரண்டு விதமாகப் படிக்க இடம் தருகிறது. பல புதிய மொழிபெயர்ப்புகளில் வெள்ளம்போல் வருகிறவர் கர்த்தர், சத்துரு அல்ல. இரண்டு முன்வசனங்களைப் பாருங்கள், அவர் நீதியை மார்க்கவசமாக அணிந்து யுத்தத்துக்குப் புறப்படுகிறார், ஆகவே அந்த வாசிப்பும் நன்றாகவே பொருந்துகிறது. எப்படிப் படித்தாலும் சண்டை அவருடையது. நீங்கள் ஜெபத்தை நிறுத்தவேண்டாம்.

கேள்வி: "என்மேல் பறந்த அவருடைய கொடி நேசமே" என்பது கல்யாணப் பத்திரிகைக்குப் பொருத்தமா?

பதில்: தாராளமாகப் போடலாம். உன்னதப்பாட்டு 2:4 காதல் பாட்டுதான், படையின் பொருளை விருந்துசாலைக்குள் கொண்டுவந்து வைக்கிறது. 6:4இல் அவன் அவளைக் கொடிகள் பறக்கும் படைக்கு ஒப்பிடுகிறான். மாப்பிள்ளைக்கு அதை நினைவுபடுத்தலாம்.

கேள்வி: புதிய ஏற்பாட்டுக் காலத்தில் கொடியே இல்லையா?

பதில்: இருந்தது, ரோமருடையது. அந்தக் காலத்து யூதர்களுக்குக் கொடி என்றால் வயிற்றெரிச்சல். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிற சம்பவம் இது. பிலாத்து, நம் விசுவாசப் பிரமாணத்தில் வருகிற அதே பிலாத்து, ராயனின் உருவம் பொறித்த படைக்கொடிகளை மூடி மறைத்து ராத்திரியோடு ராத்திரியாக எருசலேமுக்குள் கொண்டுவந்துவிட்டார். விடிந்து பார்த்த ஜனம் கொதித்துப்போய்ச் செசரியாவுக்கே போய், ஐந்து நாள் இரவும் பகலும் தரையில் விழுந்து கிடந்தது. ஆறாம் நாள் பிலாத்து போர்ச்சேவகரை வைத்து அவர்களைச் சூழ்ந்துகொண்டு, வெட்டிவிடுவேன் என்று மிரட்டினார். அவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு, நியாயப்பிரமாணத்தை மீறுவதைவிடச் சாவதே மேல் என்றார்கள். கடைசியில் கொடிகள் திரும்பிப் போயின. கி.பி. 70இல் நிலைமை வேறு. ஆலயம் எரிந்துகொண்டிருக்க, ரோமர் தங்கள் கொடிகளைக் கிழக்கு வாசலுக்கு எதிரே நட்டு அவற்றுக்குப் பலியிட்டார்கள். "தங்கள் கொடிகளை அடையாளங்களாக நாட்டுகிறார்கள்" என்ற சங்கீதம் 74:4 அதற்கு வெகுகாலம் முந்தியது, ஆனால் அன்றைக்கு அதை நினைக்காத யூதர் இருந்திருப்பாரா?

கேள்வி: வேளாங்கண்ணியிலும் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலிலும் கொடியேற்றத்தோடு திருவிழா தொடங்குகிறதே, அதற்கு வேத ஆதாரம் உண்டா?

பதில்: வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29, தூத்துக்குடியில் ஜூலை 26. இந்த வசனத்தின்படி ஏற்றுகிறோம் என்று காட்ட வசனம் இல்லை, இது நம் மண்ணின் திருவிழா வழக்கம், பக்கத்துக் கோயிலிலும் கொடிமரம் உண்டு. ஆனால் கொடி ஏறியது என்ற செய்தி கேட்டு ஊர் ஊராக ஜனம் நடந்து வருகிறதே, அந்த ஒரு விஷயத்தில் ஏசாயாவின் கொடிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: ஆராதனையில் கலர் கொடிகளை அசைக்கிறார்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அர்த்தம் சொல்கிறார்கள்.

பதில்: இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு எல்லாம் ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளுக்குச் சொன்ன நிறங்கள். கொடிக்கு நிறம் சொல்லும் வசனம் எதுவும் கிடையாது. சந்தோஷத்துக்கு அசைத்தால் அசைக்கட்டும், இந்த நிறத்தை அசைத்தால் இந்தக் கட்டு அறும் என்று சொல்லும்போதுதான் எனக்கு எசேக்கியா ஞாபகம் வருகிறது.

கேள்வி: சபை ஆண்டுவிழாவுக்கு ஒரு கொடி தைக்கிறோம் ஐயா. வசனம் எழுதலாமா? எதை எழுதுவது?

பதில்: எழுதலாம், பழைய வழக்கம்தான். 1947இல் சாக்கடல் பக்கத்துக் கும்ரான் குகையில் கிடைத்த சுருள்களில் ஒன்று கடைசி யுத்தத்தைப் பற்றியது. அதில் முதன்மைக் கொடியில் "தேவனுடைய ஜனம்" என்று எழுதி, பன்னிரண்டு கோத்திரங்களின் பேரையும் போடச் சொல்கிறது. போருக்குப் போகும்போது ஒரு வாசகம், சண்டையில் ஒன்று, திரும்பும்போது வேறொன்று என்று மாற்றவும் சொல்கிறது. நீங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 20:5ஐ எல்லாரும் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் 60:4. "உமக்குப் பயந்து நடக்கிறவர்களுக்கு ஒரு கொடியைக் கொடுத்தீர்." தோற்றுப்போய், தேவனே நீர் எங்களைக் கைவிட்டீர் என்று தொடங்குகிற சங்கீதத்தில் வருகிற வரி அது. முழு வசனத்தையும் நெருக்கி எழுதாமல் "ஒரு கொடியைக் கொடுத்தீர்" மட்டும் போதும், வாசல் கேட்டிலிருந்து பார்த்தாலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தாக.