மின்சாரக் கார்: வாங்குமுன் வீட்டு ஒயரைப் பாருங்கள்

(மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

என் கணவர் வேலைக்குப் போய்வர தினமும் 40 கிலோமீட்டர். மின்சாரக் கார் வாங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். கரண்ட் பில் ஏறிவிடாதா? - வாசகி, தஞ்சாவூர்

ஏறும் அம்மா. எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால், மீட்டர் கணக்கெடுக்கிற இரண்டு மாதத்துக்கு இரண்டாயிரம். சிறிய கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் போகும். ஆக, சுமார் 300 யூனிட் கூடும். இப்போது உங்கள் வீட்டில் 400 யூனிட் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி அதற்கு ஏறத்தாழ ரூ.1,200 கட்டுவீர்கள். கார் வந்தபின் 700 யூனிட்டுக்கு ரூ.3,900 வரும்.

300 யூனிட்டுக்கு 2,700 ரூபாயா என்று கேட்பீர்கள். 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டுவதுதான் காரணம். தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த மலிவு விலை போய்விடும். மேலே உள்ள யூனிட்டுகள் எட்டரை, ஒன்பதரை ரூபாய் அடுக்குக்குப் போய்விடும். அப்படியிருந்தும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் அதே தூரம் போக 13,000 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆண்டுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும். கார் விலையில் மூன்று லட்சம் வித்தியாசம் இருந்தாலும் ஐந்து ஆண்டுக்குள் ஈடாகிவிடும். உங்கள் கணவர் சொல்வது சரி.

மாதம் முந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள் இந்தக் கணக்கை நம்பி வாங்க வேண்டாம். அவர்களுக்கு அந்த வித்தியாசம் ஈடாகப் பதினைந்து ஆண்டுகளாவது பிடிக்கும்.

புதிய மின்சாரக் காரை வீட்டுப் பிளக்கில் போட்டால் 'எர்த் பிழை' என்று காட்டி நின்றுவிடுகிறது. கடையில் அதே சார்ஜர் வேலை செய்கிறது. கார் கோளாறா? - வாசகர், சேலம்

காரில் கோளாறு இல்லை. உங்கள் வீட்டு எர்த்தில்தான் இருக்கிறது, அதைக் கார் கண்டுபிடித்துச் சொல்கிறது. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் எர்த் செத்துப்போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். காரின் சார்ஜர் அப்படி ஓடாது. முதலில் எர்த் குழியைப் பாருங்கள். பல வீடுகளில் அது கட்டிடம் முடிந்த அன்று மூடியதோடு சரி. மேலே சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, பூந்தொட்டியும் வைத்துவிடுகிறார்கள். கோடையில் மண் காய்ந்ததும் எர்த் வேலை செய்யாது. நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி சார்ஜ் போட்டுப் பாருங்கள். வேலை செய்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. புதிய எர்த் குழி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார் 15 ஆம்பியர் பிளக்கில் ஒன்பது, பத்து மணி நேரம் தொடர்ந்து மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். அயர்ன் பாக்ஸுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் போட்ட ஒயர் இந்தச் சுமைக்குப் போட்டதல்ல. நான் பார்த்த ஒரு வீட்டில் சாக்கெட்டின் நியூட்ரல் துளை மட்டும் கருகி, பிளாஸ்டிக் இளகி, பிளக்கின் பின் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு திருகு சரியாக முறுக்கப்படவில்லை, அவ்வளவுதான். விடியற்காலை மூன்று மணிக்கு அது தீப்பிடித்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைத் தனியாக இழுத்து, தனி எம்சிபியும் (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காரைச் சார்ஜ் போடவே கூடாது. லட்சக்கணக்கில் காருக்குக் கொடுத்துவிட்டு இந்தச் சில ஆயிரத்தில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். கார் நிறுத்தும் இடத்தில் பிளக் வைக்கச் சங்கம் மறுக்கிறது. வெளியே சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாமா? - வாசகர், வேளச்சேரி

வேண்டாம். பொது இடத்து வேகச் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயை ஒட்டி வரும். காத்திருக்கும் நேரம் வேறு. உங்கள் மீட்டரிலிருந்தே தனி ஒயர் இழுத்தால் சங்கத்துக்குச் செலவில்லை என்று எழுதிக் கொடுத்துப் பேசுங்கள். அனுமதி கையில் வந்தபிறகு முன்பணம் கட்டுங்கள்.

வேளச்சேரி என்பதால் ஒரு வார்த்தை. பேட்டரிப் பெட்டிக்கு 'ஐபி 67' என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள். 2023 டிசம்பரில் உங்கள் பகுதியில் நின்ற வெள்ளம் அரை மணியில் வடியவில்லை. மூழ்கிய காரை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாமல் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எட்டு ஆண்டில் பேட்டரி போய்விடும் என்கிறார்களே? - வாசகர், மதுரை

எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதம். பேட்டரியின் ஆயுள் அன்று முடிந்துவிடாது. கொள்ளளவு சிறிது சிறிதாகத்தான் குறையும். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது மறுவிற்பனை விலை. மூன்று ஆண்டில் விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். நீங்கள் அடிக்கடி சென்னைக்குப் போகிறவர் என்றாலும் யோசியுங்கள். 300 கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தும் கார், ஏசி போட்டு நெடுஞ்சாலையில் விரைந்தால் 200 தந்தாலே நல்லது. வேகச் சார்ஜரும் 80 சதவீதத்துக்குமேல் மெதுவாகிவிடும்.

நம் மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது? புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே? - மாணவி, நெய்வேலி

அனல் மின்நிலைய ஊரிலிருந்து வரும் கேள்வி, நியாயமானதும்கூட. புகையில் ஒரு பகுதி இடம் மாறுவது உண்மை. ஆனால் பெட்ரோல் இஞ்சின் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்குகிறது. மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. பள்ளி வாசலில் குழந்தைகள் மூச்சில் புகை ஏறாமல் இருப்பதும் சிறிய விஷயமல்ல. பேட்டரி தயாரிப்பதில் வெளியாகும் கரியமில வாயு அதிகம் என்பதால், நிறைய ஓடும் காருக்கே இந்த நன்மை சேரும்.

சார்ஜ் போடும் நேரமும் முக்கியம் மகளே. மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும். பகலில் சூரிய மின்சாரம் வரும். பகலில் கார் வீட்டில் நிற்கிறதா, அப்போதே சார்ஜ் போடச் சொல். மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு வைக்க மத்திய அரசு ரூ.78,000 வரை மானியம் தருகிறது. அது நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரை தரும். தஞ்சாவூர்க்காரரின் நாற்பது கிலோமீட்டருக்கு அதில் பாதி போதும்.