மொட்டை மாடித் தகரத்துக்கும் சொத்து வரியா?

கேள்வி: நாங்கள் இருப்பது சென்னை அல்லாத ஒரு மாநகராட்சி. 2022 உயர்வுக்குப் பிறகு அரையாண்டுக்கு 1,850 ரூபாய் சொத்து வரி கட்டி வந்தோம். சமீபத்தில் ட்ரோன் விட்டு அளந்தார்கள். இப்போது 4,300 என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. 1,160 சதுர அடி வீடு 1,390 ஆகிவிட்டது. துணி காயப்போட மாடியில் தகர ஷீட் போட்டதைத் தவிர எதுவும் கட்டவில்லை. முன்னறையில் என் தையல் மிஷின் இருக்கிறது. பில் கலெக்டர் "பார்த்துச் செய்யலாம்" என்கிறார். என்ன செய்வது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, வரியை ஏற்றியது அநியாயம் என்று மனு எழுதாதீர்கள். வீதம் அரசும் மாமன்றமும் முடிவு செய்தது; உங்கள் ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள். உங்கள் வீட்டைப் பற்றிய பதிவு தவறு என்று எழுதுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2022-ல் சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று உயர்த்தினார்கள். 1,160-ல் நீங்கள் 50% படியில் இருந்தீர்கள். தகர ஷீட்டின் 230 சதுர அடி சேர்ந்ததும் 75% படிக்குப் போய்விட்டீர்கள். பரப்பும் கூடியது, வீதமும் கூடியது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த இரண்டையும், 2024-ல் வந்த 6 சதவீத உயர்வையும் சேர்த்தாலும் 2,750 ரூபாயைத் தாண்டாது. 4,300 எப்படி வந்தது? என் சந்தேகம் தையல் மிஷின் மேல்தான். முன்னறையை வணிகப் பயன்பாடு என்று குறித்திருப்பார்கள். வணிகக் கட்டடத்துக்கு 2022 உயர்வே 100%.

அதனால் முதல் வேலை, மதிப்பீட்டு விவரத்தின் நகலை வாங்குவது. பரப்பு, கூரை வகை, பயன்பாடு, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்று தனித்தனியாக இருக்க வேண்டும். தராமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காக நோட்டீஸில் உள்ள ஆட்சேபணைக் கெடுவைத் தவறவிடாதீர்கள். இருப்பதை வைத்து மனுவைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பிறகு சேர்க்கலாம்.

மனு ஆணையர் பெயருக்கு. அங்கீகரித்த வரைபடம், பழைய ரசீதுகள், வீட்டு இணைப்பு என்று காட்டும் மின் கட்டண விவரம், மாடியின் படங்கள் இணையுங்கள். நாலு பக்கமும் திறந்த தகரம் என்பது படத்தில் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்த ட்ரோனுக்கு அது கூரையாகத்தான் தெரிந்திருக்கும். "என் முன்னிலையில் மறு அளவீடு செய்யுங்கள்" என்று ஒரு வரி கட்டாயம். அளக்க வரும்போது டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். ஷீட்டைக் கணக்கிலிருந்து முழுதாக நீக்க அவர்கள் மறுத்தாலும், கான்கிரீட் கூரை வீதத்தில் போடக் கூடாது என்று வாதாடலாம்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷீட்டுக்குச் சுவர் வைத்து வாடகைக்கு விட்டிருந்தாலோ, தையல் கடைக்குப் போர்டு மாட்டியிருந்தாலோ, அந்த அளவுக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பில் கலெக்டர் "பார்த்துச் செய்வது" அடுத்த பில் கலெக்டர் வரும்வரைதான். மண்டல அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆணையர் ஏற்கவில்லை என்றால் மாநகராட்சியின் வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதில் கவுன்சிலர்கள் உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இதற்கிடையில் வரியைக் கட்டாமல் விடாதீர்கள், மாதம் 1% வட்டி ஏறும். "ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% தள்ளுபடியும் உண்டு.