கொரோனா உட்கருவுக்குள் போவதில்லை. அப்புறம் உட்கருவின் வாசலான உட்கருத் துளையோடு அதற்கு என்ன வேலை?

கேட்டவர் நீட்டுக்குப் படிக்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். கொரோனா உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே பெருகுகிறது, உண்மைதான். ஆனால் உள்ளே போகாவிட்டாலும் வாசலை அடைத்துக்கொண்டு உட்காரும்.

மார்த்தாண்டத்தில் ட்யூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குக் கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளை சோதனைச்சாவடியை வைத்துத்தான் இதைச் சொல்வேன். சுமார் 40 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) எடைக்கு மேற்பட்ட புரதம் உட்கருத் துளையைத் தானாகக் கடக்காது. லைசின், அர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நிறைந்த ஒரு சிறு தொடர் அடையாளமாக அதனிடம் இருந்தால், இம்போர்ட்டின் என்ற சுமைதூக்கிப் புரதம் பிடித்து உள்ளே கொண்டுபோகும். வெளியே வர எக்ஸ்போர்ட்டின் என்ற இன்னொரு சுமைதூக்கி. ரேஷன் அரிசிக்கு மேல் தேங்காயை அடுக்கிக் கடத்துகிறவனைப் போல, இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் என்பி என்ற புரதத்தில் அதே அடையாளத்தை வைத்துக்கொண்டு உள்ளே போகிறது. எச்ஐவியின் ரெவ் புரதம், செல் வெளியே விடாத முழு ஆர்என்ஏவை எக்ஸ்போர்ட்டின் வழியாக வெளியே கடத்துகிறது. போலியோ ஒரு படி மேலே போய்த் துளையின் புரதங்களையே வெட்டிப் போடுகிறது. கொரோனாவின் ஓஆர்எஃப்6 என்ற புரதம் அந்தத் துளையிலுள்ள நுப்98, ரே1 என்ற புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். வைரஸ் வந்ததும் செல் அடிக்கும் அபாய மணியான இன்டர்ஃபெரானின் சேதியைச் சுமந்து வரும் ஸ்டாட்1 புரதம் உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கும்.

(துளையில் காவலர் எவரும் இல்லை, கூழ் போன்ற புரத இழைகள்தான் இருக்கின்றன என்று சண்டைக்கு வராதீர்கள். எனக்கும் தெரியும். பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும்.)

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குக் காரணம் வேறு. 2020 ஏப்ரலில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொரோனாவைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்றிலிருந்து சேதி வந்தது. அந்த மருந்து இம்போர்ட்டினைத் தடுக்கும் என்று முன்பே படித்திருந்தேன். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்தும் கல்யாண வீடுகளில் "ட்யூஷன்தானா இன்னும்?" என்றே கேட்கப்பட்டு வந்தவன் நான். கல்லூரி வேலைக்கு எத்தனை விண்ணப்பம் போட்டேன் என்பதைத் தனியாக ஒரு பதிலாகவே எழுதலாம். சரி, அது போகட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த மருந்தைப் பற்றி மூன்று நிமிடம் குரல் பதிவு போட்டேன். இம்போர்ட்டின் என்ற சொல்லை ஐந்தாறு தடவை சொல்லியிருப்பேன். முதன்முறையாக எல்லாரும் கைகூப்பி அனுப்பினார்கள்.

அது கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த குரங்குச் செல்லில் நடந்த சோதனை என்பதையும், அங்கே போட்ட 5 மைக்ரோமோலார் அளவு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையால் இரத்தத்தில் வரவே வராது என்பதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் சுவாரசியம் குறையுமே என்று விட்டுவிட்டேன்.

2021 மே. குழித்துறையில் இருக்கும் பெரிய மாமாவுக்குக் காய்ச்சல் என்று அம்மா கஞ்சி கொடுத்துவிட்டாள். மாமா திண்ணையில் சுருண்டு கிடந்தார். ஜன்னல் படியில் ஆட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் பூச்சி மருந்துப் பாட்டில், மூடி கழற்றியபடி. பக்கத்தில் எவர்சில்வர் கரண்டி, அதில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"என்ன மாமா இது?"

"நீ சொன்னதுதானே மக்களே. இம்போர்ட்டின்."

உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"ஆட்டுக்குக் குடுக்கதுல பாதிதாம்."

அன்று முழுக்க வாந்தி, தலைச்சுற்றல். பிழைத்துக்கொண்டார். அத்தை என்னிடம் ஒன்றரை மாதம் பேசவில்லை.

டாக்டர்களே எழுதிக் கொடுத்தார்களே என்று யாராவது வருவீர்கள். ஆமாம், நாட்டின் சிகிச்சை வழிகாட்டுதலிலும் சிறிது காலம் இருந்து, 2021 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். பெரிய சோதனைகளில் பலன் தெரியவில்லை. மருந்தையும் நான் குறை சொல்லவில்லை. புழு நோய்களுக்கு அது அருமையான மருந்து, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். என் குரல் பதிவு பற்றித்தான் சொல்கிறேன்.

இப்போது குழுவில் நான் எது அனுப்பினாலும் மாமாவிடமிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான்: "இது பாத்திரத்திலயா, மனுசனிலயா?"