பிரஷர் இருப்பதை மறைத்து கேன்சர் பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஆறு வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று படித்ததிலிருந்து ஒரே பயம். கேன்சருக்கென்று தனி பாலிசி எடுக்கலாம் என்றிருக்கிறேன். படிவத்தில் பிரஷர் 'இல்லை' என்று போடுங்கள், பிரீமியம் குறையும் என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது "பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று நர்ஸ் கேட்பார், வலியில் இருக்கும் நீங்கள் உண்மையைத்தான் சொல்வீர்கள், அது அப்படியே கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஏறிவிடும். கிளைமைப் பரிசீலிப்பவர் முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான், மறைத்தது தெரிந்தால் பணம் தர மறுக்கலாம். காலில் எலும்பு முறிந்த கிளைம் என்றால் பிரஷருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாதாடிப் பார்க்கலாம், சிறுநீரகப் புற்றுநோயில் அதற்கும் வழியில்லை, ஏனென்றால் புகைபிடித்தல், உடல் பருமன் இரண்டோடு சேர்த்து பிரஷரையும் மருத்துவர்களே அதன் ஆபத்துக் காரணியாகச் சொல்கிறார்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். வாய்ப்பு கூடும் என்பது உண்மை, ஆனால் பிரஷர் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் புற்றுநோய் வருவதே இல்லை. சிலருக்குக் கதை தலைகீழ்: சிறுநீரகத்தில் வந்த கட்டியே ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிரஷரை ஏற்றிவிடும். உங்கள் பணத்துக்கு இந்தப் புற்றுநோயைவிடப் பக்கத்தில் நிற்கும் எதிரிகள் பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும்தான். பிரஷர் அவற்றுக்கும் வழி திறக்கும், கேன்சர் பாலிசியோ அவற்றுக்கு ஒரு பைசா தராது!

அதனால் முதலில் எல்லா நோய்க்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு. அப்புறம் கையில் மிச்சமிருந்தால், நோய் உறுதியானதும் மொத்தமாகப் பணம் தரும் தீவிர நோய் பாலிசி, அது சம்பளம் நின்ற மாதங்களுக்கு உதவும். எதை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் தராத ஆரம்ப காலம், எவ்வளவு? வீட்டிலிருந்தே சாப்பிடும் கேன்சர் மாத்திரைக்குப் பணம் வருமா? பரவிவிட்ட சிறுநீரகப் புற்றுநோயில் இப்படிப்பட்ட மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிவரலாம், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் என்கிற பாலிசி அங்கே கைவிரித்துவிடும்.

மருத்துவப் பரிசோதனை கேட்டால் தயங்காமல் போங்கள், மாத்திரையால் பிரஷர் கட்டுக்குள் இருந்தால் பிரீமியம் கொஞ்சம் ஏறுவதோடு முடியலாம். பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் படிவ நகலைப் பாருங்கள், பிரஷருக்கு நேரே ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் செய்திருந்தால் அன்றே நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.