தடை நேரத்தில் நகருக்குள் நுழைந்த டிப்பர்: தண்டம் யாருக்கு?

கேள்வி: நான் கொடிகாமத்தில் ஒரு டிப்பர் வைத்துத் தொழில் செய்கிறேன். கடந்த வாரம் காலை ஏழரை மணியளவில், பாடசாலை நேரத்தில் கனரக வாகனங்களுக்குத் தடை என்று சொல்லப்படும் வேளையில், எனது சாரதி மணலுடன் கண்டி வீதியால் யாழ்ப்பாண நகருக்குள் வந்தபோது பொலிஸார் மறித்து, அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு பத்திரம் கொடுத்துள்ளனர். தடைப் பலகை எதையும் காணவில்லை என்கிறார் சாரதி. வீடு கட்டுபவர் அவசரப்படுத்தியதால் நானே விரைவாகப் போகச் சொன்னேன். தண்டம் கட்டிவிட்டால் போதுமா, வழக்காடலாமா?

பதில்: முதலில் அந்தப் பத்திரம் எந்த வகையானது என்று பாருங்கள். தொகை குறிக்கப்பட்டு, தபாலகத்தில் செலுத்தும்படி இருந்தால் அது தண்டப்பணப் பத்திரம். நீதிமன்றத்தின் பெயரும் தவணைத் திகதியும் இருந்தால் சாரதி நீதவான் முன் போயே ஆகவேண்டும். தண்டப்பணப் பத்திரமாயின் 14 நாட்களுக்குள் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். அத்துடன் அந்தக் குற்றம் முடிந்துவிடும். 14 நாட்கள் கடந்தால் இரட்டிப்புத் தொகை, 28 நாட்களும் கடந்தால் வழக்கு.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்தப் பத்திரம் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லுபடியாவது 14 நாட்களுக்கு மட்டுமே. அதன்பின் சாரதி டிப்பரைச் செலுத்தினால், அனுமதிப்பத்திரமின்றி வாகனம் செலுத்தியதாகப் புதிய குற்றச்சாட்டுக்கு இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கான தண்டம் ரூபா 25,000 இலிருந்து தொடங்குகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாதவரை வேலைக்கு அமர்த்தும் உரிமையாளரும் அதே அளவு தண்டத்துக்கு உள்ளாகலாம். சிறு தண்டத்தைத் தட்டிக்கழிக்கப் போய் இந்தப் பெரிய வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி, பலகை இல்லை என்ற உங்கள் வாதம். அது வெறும் சாக்கு அல்ல. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுநரின் பொறுப்பு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு நேரக்கட்டுப்பாடு பேசி முடிவெடுக்கப்பட்டால் அந்த முடிவு மட்டும் சாரதியைக் குற்றவாளியாக்கப் போதாது. அது சட்டத்தின்கீழ் அதிகாரமுள்ளவரால் பிறப்பிக்கப்பட்டு, வீதியில் தெரியும்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆகவே சாரதி வந்த வழியில், எந்தச் சந்தியிலிருந்து தடை ஆரம்பிக்கிறதோ அந்த இடத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். பலகை மரக்கிளையால் மறைந்திருந்தாலும் அதுவும் படத்தில் வரட்டும். தடை எந்த ஆணையின்கீழ், எந்த வீதிகளுக்கு, எந்த நேரத்துக்கு விதிக்கப்பட்டது என்பதை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகர சபையிடமும் பொலிஸாரிடமும் எழுத்தில் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சாரதியிடம் தெளிவாகக் கேட்டறியுங்கள்: சீருடையிலிருந்த உத்தியோகத்தர் கைகாட்டி மறித்தபின்னும் அவர் வாகனத்தை உள்ளே செலுத்தினாரா? அப்படியானால் பலகை இருந்ததா இல்லையா என்பது அவ்வளவு உதவாது. பொலிஸாரின் பணிப்பை மீறியது தனிக் குற்றம். அப்படியில்லாமல், தண்டத்தொகையும் சிறிதாக இருந்தால், கட்டி முடிப்பதையே நான் சொல்வேன். நீதிமன்றத்துக்கு அலையும் நாட்களில் டிப்பர் நிற்பதால் வரும் நட்டம் தண்டத்தைவிட அதிகமாகிவிடும். நீதிமன்றப் பத்திரமாக இருந்தால் மட்டும், குற்றத்தை ஏற்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள். ஏற்றுக்கொண்டால் அது சாரதியின் பெயரில் தீர்ப்பாகப் பதிவாகும்.

பணத்தை யார் கொடுப்பது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சட்டம் தண்டத்தைச் சாரதிக்கே விதிக்கிறது. அவருடைய அனுமதிப்பத்திரமே அவருடைய பிழைப்பு. நேரத்தைக் குறித்தவரோ நீங்கள். ஆகவே தண்டத்தையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் நீங்களே ஏற்க வேண்டும். அதை அவருடைய சம்பளத்தில் கழிக்காதீர்கள். பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் நிறைந்து போகும் வேளையில் மணல் ஏற்றிய டிப்பர் வீதியில் ஓடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் எண்ணிப் பாருங்கள். வீடு கட்டுபவருக்கு ஒன்பது மணி என்று சொல்லியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

கடைசியாக, மணல் போக்குவரத்து அனுமதி. புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் வழங்கும் அந்த அனுமதியில் திகதியும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். தடை நேரம் முடியும்வரை நகருக்கு வெளியே காத்திருந்தால் அனுமதியின் நேரம் கடந்துவிடக்கூடும். அப்போது அது வேறு சட்டத்தின்கீழ் வரும் விடயம், வாகனமே பிடிபட்டு நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். எனவே அடுத்த முறை அனுமதியை எடுக்கும்போதே தடை நேரத்தையும் கணக்கிட்டு, மணல் ஏற்றும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.